கை தெரியாத படம்

எங்கள் எடிட்டருக்குக் கை வேண்டும். விபத்து என்றாலும் கை, விவசாயி என்றாலும் கை. "முகத்துல நடிப்பாங்கய்யா, கையில நடிக்க முடியாது" என்பார். அவருடைய பத்திரிகைக்கு இருபது வருடமாகப் படம் எடுக்கிறேன். கையைக் காட்டுங்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேனோ. இப்போதெல்லாம் கேமராப் பையைத் தோளில் மாட்டும்போதே அலுப்பு வந்துவிடுகிறது.

போன மாதமும் கைதான் கேட்டார். இரும்புத் தகடு அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் விரல் போன தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை. நிருபர் ஏற்கெனவே போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார், படம் மட்டும் பாக்கி. கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டே போய், ஷேர் ஆட்டோவில் குலுங்கி, எளாவூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் இறங்கினேன். நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் வீட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். முன்பு கும்மிடிப்பூண்டியில் பிரஸ் ஓட்டியவர், இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் தூங்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் கேமராவை எடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"சார், மூஞ்சி எவ்ளோ வேணா எடுத்துக்குங்க. கை மட்டும் வேணாம்."

ஏன் என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு வெள்ளைக் கையுறையை எடுத்துவந்து காட்டினார். இடது கைக்கானது. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் பஞ்சு அடைத்துத் தைத்திருந்தது.

"அங்க எல்லாரும் கிளவுஸ் போட்டுக்கினுதான் வேல செய்வோம். இத்த மாட்டிக்கினா யாருக்கும் தெரியாது. வெரலு இல்லன்னு தெரிஞ்சா, காண்ட்ராக்டர் நாளையிலேர்ந்து வராதன்னுடுவாரு."

"அப்புறம் ஏம்மா நிருபர்கிட்ட பேசினீங்க?"

"நான் தூங்கி வழிஞ்சு கைய உட்டுட்டேன்னு பழைய கம்பெனில எழுதி வாங்கிக்கினாங்க சார். மிஷினு வேகமா ஓடணும்னு, கை உள்ள போனா நிறுத்தற சென்சார கழட்டி வெச்சது அவங்க. அத்த யாராச்சும் எழுத வேணாமா?"

கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல். தூக்கம் கெட்ட கண்கள் நேராக என்னைப் பார்த்தன. ஒரு வருடமாக நான் எடுத்ததிலேயே அதுதான் உருப்படியான படம். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ரயில் நிலையத்தில் நிற்கும்போதே படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்துவிட்டது.

"கை எங்கய்யா?"

"கை இல்லை சார். கை வெளியே தெரிஞ்சா அந்தம்மா வேலை போயிடும்."

"விரல் போன கட்டுரைக்கு முகத்தை வெச்சு நான் என்ன பண்றது? ஒண்ணாவது எடுத்திருப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் இறங்கி வந்துவிடுவேன். அன்றைக்கு வாதாடவும் தெம்பில்லை, இறங்கி வரவும் தெம்பில்லை. "கைதான் வேணும்னா வேற ஆளை அனுப்புங்க சார்" என்றேன்.

"சரி விடு. முகத்தையே முழுப்பக்கம் போடறேன். அந்தம்மா பேரையும் மாத்தச் சொல்றேன். நம்மால அவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்றார். அவரிடம் நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ரயிலில் உட்கார இடமும் கிடைத்தது.

இதழ் வந்ததும் நான் குடியிருக்கும் திருவள்ளூரில், ஸ்டேஷன் கடையில் வாங்கிப் பிரித்தேன். முழுப்பக்கம். கை எங்கேயும் இல்லை. படத்துக்குக் கீழே ஏதோ ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது', அதற்குப் பக்கத்திலேயே 'பிரஸ் இயந்திரத்தில் இடது கையின் இரண்டு விரல்களை இழந்தவர்'. அவ்வளவு பெரிய முகத்தைப் போட்டுவிட்டுப் பெயரை மாற்றியிருக்கிறோம்.

எடிட்டரைக் கூப்பிட்டேன்.

"அதான் பேரை மாத்தியாச்சே" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "நீ கையைப் பத்தி மட்டும்தானேய்யா சொன்னே."

"நீங்களும் கையைப் பத்தி மட்டும்தான் சார் கேட்டீங்க."

இரண்டு பேருக்குமே சண்டை போடத் தோன்றவில்லை. வைத்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பெண்ணே போன் செய்தார். சூப்பர்வைசர் அந்தப் பக்கத்தைத் தன் செல்போனில் காட்டி, எல்லோர் எதிரிலும் கிளவுஸைக் கழற்றச் சொன்னாராம். மறுநாளிலிருந்து வேலை இல்லை. நான் என்னென்னவோ சொல்லப் பார்த்தேன்.

"நீங்க சொன்ன மாரி கைய காட்டல சார். உங்கமேல தப்பு இன்னா கீது" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு கூப்பிட்ட காரியத்துக்கு வந்தார்.

"அத்திப்பட்டு பக்கம் ஒரு காண்ட்ராக்டர் ஆளு எடுக்கறாரு சார். அங்கியும் கிளவுஸ் உண்டாம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேக்கறாங்க. ஸ்டூடியோல எடுத்தா மூஞ்சி வீங்கின மாரி வருது. நீங்க எடுத்ததுல நல்லா கீறேன். அத்தையே சின்னதா போட்டுக் குடுக்கறீங்களா?"

எடிட்டரிடம் சொன்னேன். ஏதாவது பெரிதாகப் பேசுவார், தொடர் கட்டுரை அது இது என்பார் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை.

"நம்ம பக்கத்தைப் பார்த்தவன் அங்கயும் இருப்பான்யா" என்றார். "அந்த முகம் யாருக்கும் ஞாபகம் வராத மாதிரி பண்ணிடு."

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து கழுத்து வரைக்கும் வெட்டினேன். ஜன்னலை எடுத்துவிட்டுப் பின்னால் வெள்ளை போட்டேன். கன்னத்து நிழலை வெளுத்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் துடைத்தேன். எல்லா அப்ளிகேஷனிலும் ஒட்டியிருக்கும் முகம் போல அவர் ஆகும்வரை செய்துகொண்டிருந்தேன்.