அன்னம்மாள் வைக்காத கைநாட்டு

அன்னம்மாள் போராடி ஜெயித்தவை இவை: தெருவுக்கு ஒரு குழாய், தன் பெயரில் வீட்டுப் பட்டா, வெந்துபோன வலக்கையில் மறுபடி ஊசி பிடிக்கும் பலம், கடைசியாக, நான்கு ஆண்பிள்ளைகள் தெருவில் நின்று சொன்ன உண்மை. ஆம்பூரில் வீட்டிலிருந்தே கம்பெனிக்கு ஷூவின் மேல்தோல் தைப்பவளுக்கு இதில் எதுவும் சும்மா கிடைக்கவில்லை.

2022 பிப்ரவரி வார்டு தேர்தலில் பக்கத்து வீட்டு ஃபிர்தௌஸுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள். ஃபிர்தௌஸ் ஜெயித்த அன்றே தோற்ற கட்சியின் நான்கு பேர் அன்னம்மாளின் கூரையைக் கொளுத்தினார்கள். தைத்து வைத்த ஜோடிகளை வெளியே இழுக்கப்போய்த்தான் கை வெந்தது.

நால்வரும் ஜெயிலுக்குப் போனார்கள். அன்னம்மாளின் அண்ணன் காசி நாள் எண்ணினான். முப்பத்தெட்டாம் நாள் ஜாமீன். ஜெயில் வாசலிலேயே மாலை, பட்டாசு. குடிசை கொளுத்தியவனுக்கு மாலை! போட்டவர், அவர்களை ஏவிவிட்ட, அதே கட்சியின் வட்டச் செயலாளர். அவர் பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அடுத்த வாரமே அவர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"இன்னாம்மா, கேஸு கீஸுனு பேஜாரு எதுக்கு? வீட்ட நான் கட்டித் தர்றேன். தீ தானா புடிச்சதுனு எழுதியிருக்கு. ஒரு கைநாட்டு வை."

"நீங்க கட்ட வேணாம் தலைவரே. கம்பெனில தப்பா தைச்சா, தைச்சவதான் பிரிச்சுத் தைக்கணும். ஆள் வெச்சுத் தைக்க முடியாது. கொளுத்தினவனுங்க வந்து கட்டட்டும். யார் அனுப்பினாங்கன்னு தெருவுல நின்னு சொல்லட்டும்."

"எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சப் பாரு!"

காசிக்குக் கொதித்தது. "நாலு பேரும் உள்ளயே கிடக்கணும்" என்றான்.

"திரும்பி வந்தா இன்னொரு மாலைண்ணா. எனக்கு இன்னா கெடைக்கும்?"

படிக்கத் தெரியாத காகிதத்தில் விரல் வைப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தாள். தோல் வெட்டும் அட்டைகளின் பின்புறத்தில், மடங்காத விரல்களால் 'அ' எழுதிப் பழகினாள்.

இரண்டு வருடம் யாரும் வரவில்லை. நால்வரில் ஒருவனான குமரனின் அம்மா பங்கஜமும் அதே கம்பெனிக்குத் தைப்பவள். அன்னம்மாளின் பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது. "போடா, போய்ப் பிரிச்சுத் தை" என்று மகனைத் தினமும் குடைந்து கடைசியில் அனுப்பியே விட்டாள். அவன் பின்னால் மற்ற மூவரும் வந்தார்கள்.

ஆறு ஞாயிறு வேலை. கோணலாக எழுப்பிய ஒரு சுவரை அன்னம்மாள் இடிக்கச் சொன்னாள். இடித்துக் கட்டினார்கள். கடைசி ஞாயிறு, தெரு கூடி நிற்க, குமரன் வட்டச் செயலாளர் பெயரைச் சத்தமாகச் சொன்னான்.

அவர் இன்னும் பதவியில்தான் இருக்கிறார். காசிக்கு அந்த ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் நடந்தது அத்தனையும், அவர் பெயரோடு, இப்போது ஒரு காகிதத்தில் இருக்கிறது. நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்னம்மாள் அதை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிட்டு, கீழே தன் பெயரை எழுதினாள்.

2024 ஆகஸ்ட் 11.