படகில் மீனுக்கு எங்கே இடம்?

என் கணவரும் அவருடைய அண்ணனும் ஆழக்கடலுக்குப் போக ஒரு படகு கட்டுவதென்று முடிவு செய்தபோது குப்பத்தில் எல்லாரிடமும் யோசனை கேட்டார்கள். அதில் வரும் மீனைப் பாகூர்வரை சுமந்துபோய் வீடுவீடாக விற்க வேண்டிய என்னிடமும் என் ஓரகத்தியிடமும் மட்டும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

ஜெர்மன்காரனோடு இரண்டாவது சண்டை வருவதற்குச் சில வருஷம் முன்பு அது. அதுவரை எங்களிடம் கட்டுமரம்தான். கரை தெரிகிற தூரத்தில் வலை போட்டுவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். அண்ணன்காரர், என் மூத்தார், கடல் கடந்து சைகோனில் ஆற்றுப் படகுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்ததுபோல அடியில் நீளக் கட்டை கொடுத்து, ஆணி அடித்து, கூர்மூக்குப் படகு கட்டவேண்டும் என்றார். எங்கள் அலையில் அது மணலில் மோதினால் ஆணி பிடுங்கிக்கொள்ளும், பலகைகளை நார்க்கயிற்றால் தைத்த தட்டைப் படகுதான் வளைந்து கொடுக்கும் என்றார் என் கணவர். வீட்டுக்குப் பின்னால் மணலில் ஆளுக்கொரு படகு வரைவார்கள். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் காலால் அழிப்பார். குப்பத்து ஆம்பளைகள் சுற்றி நின்று கட்சி கட்டுவார்கள்.

ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. “படகு எப்படியோ இருந்துட்டுப் போவட்டும். மீனு எங்க கெடக்கும்? அம்மாந்தூரம் போயி வர்றதுக்குள்ள அடித்தண்ணியில ஊறி, உங்க கால்ல மிதிபட்டு வந்தா அத்த பாகூர்ல எவ வாங்குவா? படகு வயித்த ஆழமா எடுத்து, தண்ணி நிக்க எடம் வுட்டு, மேல ஒரு மூங்கில் தட்டி வெய்யுங்க” என்றேன்.

மூத்தார் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியிடம்தான் சொன்னார்: “டேய், அவள உள்ள போவச் சொல்லு. பொம்பளைக்குப் படகப் பத்தி இன்னா தெரியும்?”

என் கணவர் என் பக்கம் திரும்பி, “போ, போயி ஒலையப் பாரு” என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். மூத்தார் சொன்னதைவிட இதுதான் என்னைச் சுட்டது.

அடுப்பங்கரையில் நான் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. ஓரகத்தி வந்தாள். அதிகம் பேசாதவள். “நாளைக்குக் கூடைய எடுக்காதடி. நானும் எடுக்கல” என்றாள்.

மறுநாள் கட்டுமரம் கரையேறியது. நாங்கள் இருவரும் மணலில் உட்கார்ந்தே இருந்தோம்.

“கூடை எங்க?” என்றார் என் கணவர்.

“படகப் பத்தித் தெரியாதவளுக்கு மீனப் பத்தி மட்டும் இன்னா தெரியும்? நீயே போயி வில்லுய்யா” என்றேன்.

கையை ஓங்கினார். ஓரகத்தி எழுந்து குறுக்கே நின்றாள். அண்ணன் பெண்டாட்டியைத் தொட முடியுமா? கை இறங்கிவிட்டது. மூத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கூடையைக் காவடியில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு பாகூருக்கு நடந்தார்.

அங்கே நடந்ததை எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி வந்து சொன்னாள். ஒரு குடியானவர் வீட்டு அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, திருப்பிப் போட்டாளாம். இன்னொருத்தி, “ஏம்பா, உங்க வூட்டுப் பொம்பளைங்க எங்க?” என்று கேட்டாளாம். கூடை கனம் குறையாமல் திரும்பி வந்தது. மூத்தார் எல்லாவற்றையும் மணலில் கொட்டிவிட்டுப் போனார். அடுத்த நாளும் நாங்கள் அசையவில்லை. பிள்ளைகள் உப்புக்கஞ்சி குடித்தார்கள். அந்தக் கோபமும் ஆம்பளைகள்மேல்தான் சேர்ந்தது.

அதற்கடுத்த காலை மணலில் ஒரு படகு வரைந்திருந்தது. யாரும் அதை அழிக்கவில்லை. ஆழமான வயிறு, குறுக்கே தட்டிக்குக் கோடுகள். கூர்மூக்கு மூத்தாருடையது, கயிற்றுத் தையல் என் கணவருடையது, அடிக்கட்டை இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் கூடையை எடுத்துக்கொண்டோம்.

படகு முடிந்து முதல்முறை ஆழத்துக்குப் போய்த் திரும்பியபோது, தட்டியில் ஓலைக்கடியில் கிடந்த வஞ்சிரம் கண் மங்காமல், விறைப்பாக வந்தது. கூட்டம் கூடியது. மூத்தார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “சைகோன்ல எல்லாப் படகுலயும் இப்படித்தான் தட்டி வெப்பான்” என்றார்.

“சைகோன்ல பாத்தத மொத நாளே வரையறதுதான? மீனு நாறுனப்புறம் எதுக்கு வரைஞ்சீங்க?” என்று கத்தினேன். அதுவரை அவரிடம் நான் நேராகப் பேசியதில்லை. துடுப்பை எறிந்துவிட்டுப் போனார்.

வீட்டில் என் கணவர் குதித்தார். “நாலு பேரு முன்னால அண்ணன அப்படிக் கேக்கலாமா?”

“நாலு பேரு முன்னால என்னப் போவச் சொன்னீயே, அது இன்னா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

படகு நன்றாகத்தான் ஓடியது. பக்கத்துக் குப்பங்களிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மூத்தார் சைகோன் கதையையே சொன்னார், என் காதில் விழாதபடி. சில வருஷம் கழித்து இரண்டாவது படகுக்கு மணலில் கோடு போட்டார்கள். அப்போதும் எங்களைக் கூப்பிடவில்லை. நானும் ஓரகத்தியுமாகவே போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். யாரும் எங்களை உள்ளே போகச் சொல்லவில்லை.