கறை பட்ட தாள்

என் மேசை இழுப்பறையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு தாவரவியல் படித்தபோது, ஆராய்ச்சி உதவியாளர் இடமொன்றுக்கு விண்ணப்பிக்க நான் தயாரித்த சுயவிபரத் தாள். பெயர், பிறந்த தோட்டம், பள்ளிக்கூடம், சித்தியடைந்த பாடங்கள், ஆராய்ச்சி அனுபவம் என ஐந்து தலைப்புகள். வலது ஓரத்தில் ஒரு கறை. அதனால்தான் அதை நான் அனுப்பவில்லை.

ஐந்தாவது தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: தேயிலைக் கொப்புள நோய் பற்றிய பத்து வாரக் கணக்கெடுப்பு. மற்ற நான்கும் என்னோடு படித்த எல்லாரிடமும் இருந்தன. இடம் கிடைத்தால் அந்த வரியால்தான் கிடைக்கும். அந்த வரி பாதிக்கு மேல் என் அக்காவினுடையது.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் லயம்; ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். நீண்ட விடுமுறையில் வந்தவள், அக்கா கொழுந்தெடுக்கும் நிரையிலேயே பத்துச் செடிகளைத் தெரிந்து சிவப்புத் துணி கட்டினேன். வாரம் ஒருமுறை, ஆட்கள் கொழுந்தெடுக்க வருமுன் கொப்புளம் விழுந்த இலைகளை எண்ணுவேன். முதல் வாரம் நாற்பத்தொன்று. இரண்டாம் வாரம் ஐம்பத்தாறு. மூன்றாம் வாரம் ஒன்றுகூட இல்லை. மழையும் பனிமூட்டமும் விடாத வாரம் அது. நோய் கூடியிருக்க வேண்டும். விழித்துக்கொண்டு நின்ற என்னிடம் அக்கா பெருமையோடு சொன்னாள்:

"நேத்தே ஒண்ணு விடாம கிள்ளிப்புட்டேன். உங்க பெரிய வாத்தியாரு வந்து பாத்தா, ஒன் செடி சீக்குப் புடிச்சா நிக்கணும்?"

"ஐயோ அக்கா, எனக்கு அந்தச் சீக்குதான் வேணும்!"

"சீக்கு வளக்கவாடி ஒன்னய படிக்க அனுப்புனோம்?"

நிரையில் நின்ற பெண்கள் சிரித்து ஓய ஒரு வாரமாயிற்று. நான் முதலிலிருந்து தொடங்கினேன். ஆனால் விடுமுறையில் நான்கு வாரமே மிச்சம். பிந்திய ஆறு வாரங்களும் அக்காதான் எண்ணினாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள்; நான் கொடுத்த கொப்பியில் இலைக்கு ஒரு கோடு போட்டாள். கொப்பியை இடுப்பில் கட்டும் சாக்குப் படங்குக்குள் சொருகிக்கொண்டு போவாள். "பெரட்டுக்கு வந்தியா, பரீட்சைக்கு வந்தியா?" என்று காலையில் ஆள் பதியும்போது கங்காணி கேட்பாராம். "ரெண்டுக்குந்தாங்க" என்பாளாம். ஒருநாள் காய்ச்சலோடும் மலைக்குப் போயிருக்கிறாள். எண்ணுமுன் வேறு கை பட்டால் கணக்குக் கெட்டுவிடும் என்ற பயம். இதை அவள் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் சொன்னார்கள்.

அடுத்த விடுமுறையில் வந்தபோது தோட்டத்து ஆபீசில் கேட்டுத் தட்டச்சு செய்த தாளை, கூடையை இறக்காமலே அக்கா வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"எல்லாஞ் சரி. நான் எங்கடி இருக்கேன் இதுல?" என்று சிரித்தாள்.

"கூடப்பொறந்தவங்களையெல்லாம் இதுல போட மாட்டாங்கக்கா."

"அதானே. கொழுந்துக்காரி எண்ணுனதுன்னு தெரிஞ்சா ஒனக்கு எடங் குடுப்பாங்களா?"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் நான் பயந்ததும் அதற்கேதான். தாளைத் திருப்பித் தரும்போதுதான் அதன் ஓரத்தில் தன் பெருவிரலின் கொழுந்துக் கறை பதிந்திருந்ததைப் பார்த்தாள். "அய்யய்யோ, பாழாக்கிப்புட்டேனே" என்று கையைப் படங்கில் தேய்த்துக்கொண்டே நின்றாள். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எத்தனை வரி மறுபடி அடிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் சுத்தமான தாளில் அதே ஐந்து தலைப்புகளையும் அதே ஒரு வரியையும் அடித்து அனுப்பினேன்.

இடம் கிடைத்தது. அடுத்த வருடம் அக்கா, இந்தியக் குடியுரிமை கிடைத்த தன் கணவனோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போய்விட்டாள். கடிதங்கள் அத்தான் கையெழுத்தில் வருகின்றன. கடைசியில் மட்டும், அவள் போட்டதென்று எனக்குத் தெரியும்படி, வரிசையாகச் சில கோடுகள். பிரிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்ற கணக்கு.

இந்த வாரம் வேறொரு பதவிக்காகப் புதிய சுயவிபரம் அடித்தேன். இரண்டு பக்கம், ஒன்பது தலைப்புகள். கொப்புள நோய் வரியின் கீழ், பிந்திய ஆறு வாரமும் எண்ணியவர் என்று அக்காவின் பெயரை முழுதாகப் போட்டேன். பிறகு பழைய தாளை எடுத்து அந்தக் கறைமேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அவளுடையது அகலமானது. என் விரலைச் சுற்றிலும் கறை தெரிந்தது.