அது என் தையலுங்க

2006-ம் வருடம், ஜூன் மாதம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பீஸில் குறை இருந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சும்மாவே குறை சொல்லும் எனக்கு அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். விருதுநகர் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள்.

அதற்கு முந்தைய வருடப் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் பெயில். பெற்றோர் கூட்டத்தில், பெற்றோர்-ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்த வேறொரு பனியன் கம்பெனி முதலாளி எழுந்தார். "பக்கத்து பிரைவேட் ஸ்கூல்ல அத்தனை பேரும் பாஸுங்க. இங்கிருந்து வெளிய வர்றதெல்லாம் செகண்ட்ஸ் பீஸு. கணக்கு வாத்தியார மாத்தச் சொல்லி மனு கொடுத்தரலாமுங்க" என்றார்.

செகண்ட்ஸ் என்றால் கழித்துப்போட்ட சரக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்ப்பாடே வராமல் அழுத என் மகளுக்கு அல்ஜீப்ரா வரைக்கும் சொல்லிக்கொடுத்தவர் அந்த வாத்தியார். அவரை மாற்றிவிட்டால் பரீட்சை வருடத்தில் அவள் கதி என்ன?

எழுந்துவிட்டேன். "ஐயா, பீஸ்ல ஓட்டை இருந்தா உங்க கம்பெனியில நேரா டெய்லரத்தான் திட்டுவீகளா?"

"அதெப்படிங்க? துணியிலயே இருந்த ஓட்டையா, தையல்ல வந்ததான்னு மொதல்ல பாக்கோணுமில்ல?"

"அதையேதான் இங்கயும் பாக்கச் சொல்றேன்" என்றேன். தீபாவளி போனஸ் வாங்கியதும் கம்பெனி மாறுவது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். கம்பெனி மாறினால் வாடகை வீடு மாறும், கூடவே பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறும், பாடம் பாதியில் அறுந்துபோகும். பாதி வருடத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தவர்களைக் கையைத் தூக்கச் சொன்னேன். முதல் கை என்னுடையது. திரும்பிப் பார்த்தால் கூட்டத்தில் முக்கால்வாசிக் கைகள் மேலே இருந்தன. ஜெயித்துவிட்ட மிதப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த வாத்தியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "துணியில குத்தம்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. எம் பசங்க ஒருத்தரும் செகண்ட்ஸ் இல்லீங்க. வந்தப்ப எங்க இருந்தாங்க, இப்ப எங்க நிக்கறாங்கன்னு பாருங்க, போதும்." பிறகு தலைவரைப் பார்த்தார். "எட்டாவதுல இருந்து எங்கிட்டயே படிச்சவங்கள்லயும் சிலர் தோத்திருக்காங்க. அது என் தையலுங்க. அதுக்கு என்னைக் கேளுங்க."

தலைவர் மனுப் பேச்சை அதோடு விட்டார். "அந்தப் பசங்களுக்கு என்ன செய்யலாம் சொல்லுங்க சார்" என்று அவரிடமே கேட்டார். தோற்றவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஏற்பாடானது. என் மகளும் அவரிடமே படித்துத் தேறினாள்.

இன்றைக்கும் யாராவது மார்க்கை மட்டும் வைத்து ஒரு பள்ளிக்கூடத்தை எடைபோட்டால், பிள்ளைகள் எங்கிருந்து கிளம்பி வந்தார்கள் என்று கேட்டுச் சண்டைக்கே போய்விடுவேன். அடுத்தவர் தைத்ததில் ஸ்டிக்கர் ஒட்டியே பழகியவள் நான். தன் வேலையில் தானே அதை ஒட்டிக்கொண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன், அவரிடம் என் பிள்ளை படித்தாள் என்பதில் எனக்கு இன்னும் பெருமை தீரவில்லை.