ஒரகடத்து எஞ்சின் டிரைவர்

எஞ்சின் டிரைவர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, கண் டாக்டரிடம் போய்த் தோற்ற ஆள் நான். சிவப்பும் பச்சையும் என் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். எது எது என்று பிரித்துச் சொல்ல வராது. ஊரில் மார்க் போதவில்லை என்று சொல்லிவிட்டு, தென்காசிப் பக்கத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரகடத்துக்கு வந்து, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மிஷின் முன்னால் நின்றேன். அங்கே என் கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆசை மட்டும் விடவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். கூடவே ரயில் ஓட்டும் விளையாட்டு சிடி. ஏதோ வெளிநாட்டு மலைப்பாதை, எங்கு பார்த்தாலும் பனி. வாயில் நுழையாத ஸ்டேஷன்களுக்கெல்லாம் நானே சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் என்று பெயர் வைத்தேன்.

ஓட்டுவதற்கு ஒரு ஜாய்ஸ்டிக் இருந்தது. பிளாஸ்டிக் குச்சி, சுண்டுவிரலால் தள்ளினால் ஆயிரம் டன் ரயில் ஓடியது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைக் கழற்றி, பிளைவுட் பெட்டியில் பொருத்தி, இரும்புக் கைப்பிடி மாட்டினேன். வேகத்தின் ஒவ்வொரு படியிலும் 'டக்'கென்று நிற்பதற்குத் தகட்டில் துளைபோட்டு, பேரிங் குண்டு ஒன்றை ஸ்பிரிங் வைத்து அழுத்தினேன். ஸ்பிரிங் கம்பெனி ஸ்கிராப்பில் கேட்டு வாங்கியது. முதல்நாள் கைப்பிடியை இழுத்தேன். ரயில் நகரவில்லை, மேஜை நகர்ந்தது.

அதைவிடப் பெரிய கூத்து பட்டன். பிரஸ் மிஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். கை நசுங்காமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. பழக்க தோஷம், என் எஞ்சினுக்கும் அதையே செய்துவைத்தேன். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் வண்டி ஓடும். ஓடியது. ஸ்டேஷன் வந்தபோது பிரேக் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

இந்தக் காட்சியைப் பார்த்துத் தரையில் உருண்டு சிரித்தவன், நான் வாடகைக்கு இருந்த மாடி அறையின் வீட்டுக்காரர் மகன். என் வயது, என் ஷிப்ட், பக்கத்து மிஷின். அன்றிலிருந்து கேண்டீனில்கூட என்னை டிரைவரே என்றுதான் கூப்பிட்டான். எனக்கு அது இனித்தது. கிண்டல் என்று தெரிந்தும் இனித்தது.

பட்டன்களைப் பிடுங்கி எறிந்த பிறகு ஒரே ஒரு குறைதான் பாக்கி. திரையின் மூலையில், அடுத்த சிக்னல் சிவப்பா பச்சையா என்று எழுத்தில் வந்துகொண்டே இருந்தது. நிஜ டிரைவருக்கு யார் எழுதிக் காட்டுகிறார்கள்? கருப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து அதன்மேல் ஒட்டினேன். அத்தனை நாளும் அந்த எழுத்தை வாசித்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்து வெள்ளோட்டம் விட்டேன். 'டக் டக்'கென்று கைப்பிடி ஏறியது. தூரத்தில் ஒரு விளக்கு. கம்பீரமாக அதைத் தாண்டினேன். ரயில் அப்படியே நின்றது. ஆட்டம் முடிந்தது என்று திரை சொன்னது.

பிரேக் லூஸ் என்றேன். மானிட்டர் பழசு என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"நீ பிரேக்க தொடவே இல்ல. செவப்பு எரிஞ்சிகினு கீது, நீ பாட்டுக்கு போற. கண்ணுல இன்னா உனக்கு?"

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியையும், புள்ளிப் புள்ளியாக எண் மறைந்திருந்த புத்தகத்தையும், திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் அழுதுகொண்டே வந்ததையும். நாளை கேண்டீன் முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும் என்று பயந்தேன். அவன் எட்டி என் பிளைவுட் பெட்டியின் கைப்பிடியை ஒரு படி தள்ளிப் பார்த்தான்.

"எஞ்சின்ல ரெண்டு பேரு தானே குந்திகினு போறாங்க?"

ஆமாம். ஒருவர் சிக்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். நிஜம் நிஜம் என்று பேரிங் குண்டுவரை தேடியவன், ஒற்றை நாற்காலி போட்டிருந்தேன்.

அவன் கீழே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். டேப்பைப் பிய்க்கப் போனேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தான். மறுபடி கிளம்பினோம். பனிக்குள் விளக்கு தெரிந்தது. நானே கேட்கட்டும் என்று அவன் காத்திருந்தான். விளக்கு நெருங்கியது. பிறந்ததிலிருந்து எல்லா நிறத்தையும் குத்துமதிப்பாகச் சொல்லியே ஒப்பேற்றி வந்தவன் நான்.

"என்ன கலர்டே அது?" என்று கேட்டேன்.