இத்தா அறையில் கேட்ட கேள்வி

"கடல் வருதாம்!" என்று தெருவில் யாரோ கத்தியபோது நான் சாய்ந்தமருதில் ஓர் இத்தா வீட்டில் இருந்தேன். கணவன் கடலில் மவுத்தாகி இரண்டாவது மாதம்; நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டைவிட்டு வெளியே போகாத துக்க காலம் அது. அந்த இளம்பெண் சோறும் தொடுவதில்லை, கதைப்பதுமில்லை என்று அவளுடைய மாமி என்னை அழைத்திருந்தார். பூகம்பம், வெள்ளம் என்று எத்தனையோ நாடுகளில் கூடாரம் கூடாரமாக அலைந்த உளவியலாளர் நான். சொந்த ஊரில் அந்தச் சத்தம் கேட்டதும் எழும்பி நின்றுவிட்டேன். சுனாமியில் என் உம்மாவைக் கொண்டுபோன கடல் அது.

மாமி அவளுடைய குழந்தையை வாரி இடுப்பில் வைத்தார். "மகள், எழும்பு கா! வயல் பக்கம் ஓடுவம்!"

"நீங்க போங்க மாமி. நான் இத்தாவுல இரிக்கன்."

"நான் கூட்டிட்டு வாறன், நீங்க ஓடுங்க" என்றேன். பெரிய வாய் எனக்கு! மாமி அழுதுகொண்டே ஓடினார்.

வெளியே மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் அலறிக்கொண்டு பறந்தன. "உசிருக்கு ஆபத்தெண்டா வெளிய போகலாம் புள்ள" என்றேன்.

"புள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் குடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா மிஸ்?"

அவள் அதை நிதானமாகச் சொன்ன விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அவளைப் பிடித்து வைத்திருப்பது இத்தா இல்லை. நேரடியாகக் கேட்டுவிடு, கேட்பதால் ஆபத்து அதிகரிக்காது என்று மேடை மேடையாகப் படிப்பித்தவள் நான். கேட்டேன்.

"மவுத்தாகணும் போல இரிக்கா?"

"ஓம். அவரக் கொண்டுபோன கடல்தானே. வரட்டும்."

இதற்கு அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்றும் படிப்பித்திருக்கிறேன். ஆனால் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கட்டில் காலை இறுக்கிக்கொண்டாள். திடீரென்று தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். உம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"மிஸ், எழும்புங்க."

"ஏலா புள்ள. கால் வருதில்ல."

அப்போதுதான் முதன்முறையாக அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்குப் புள்ளைகள் இரிக்கா?"

"ரெண்டு."

"யா அல்லாஹ்! என்ன மனிசி நீங்க!"

கட்டில் காலை விட்டாள். என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வெள்ளை முக்காட்டோடு, வெறுங்காலோடு வாசலைத் தாண்டி, வழிநெடுக என்னை ஏசி ஏசி வயல்வரை இழுத்துக்கொண்டு போனாள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு போனேன்.

கடல் வரவில்லை. எவனோ கிளப்பிவிட்ட புரளியாம். வரம்பில் நின்ற மாமியின் இடுப்பிலிருந்து குழந்தை அவளிடம் தாவியது. மாமி அவளைக் கட்டிப்பிடித்து, "அல்லாஹ் ஒன்னத் திருப்பித் தந்துட்டான்" என்று அழுதார்.

குழந்தையை அணைத்தபடி அவள் என் காதருகில் குனிந்தாள்.

"மிஸ், நாளைக்கும் வாங்க. நீங்க கேட்டீங்களே, எனக்கு இன்னமும் அப்பிடித்தான் இரிக்கி."