ஹில்லாவின் நடுங்கிய விரல்கள்

ரைலியை எனக்குப் பிடிக்காது. பின்லாந்தின் இந்த ஏரிக்கரை மருத்துவமனையில் பதினொரு வருடம் அவளோடு ஒரே அறையில் குப்பை கொட்டினேன். அவள் ஒரு நாள்கூட முகம் பார்த்து ஹலோ சொன்னதில்லை. காட்டில் மரம் வெட்டியவரின் மகள். ஐம்பத்தெட்டு வயது. தனிக்கட்டை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுவாள்.

ஆஸ்துமாவோ என்று சந்தேகப்படும் சின்னக் குழந்தைகளைக் குளிரில் ஓடவிடுவது அவள் வேலை. ஓடுவதற்கு முன்னும் பின்னும் குழந்தை என் கருவியின் குழாயில் சும்மா மூச்சு விடும். குளிர்காற்றில் மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால், மூச்சுக்கு எவ்வளவு தடை என்று கருவி காட்டும் எண் ஏறும். அதற்குக் குழந்தை ஏழெட்டு நிமிடம் நெஞ்சு படபடக்க ஓட வேண்டும். ரைலி பின்னாலேயே ஓடுவாள். "நிக்காதே! யாரு உன்னை நிக்கச் சொன்னா?" பிள்ளைகள் அழுதுகொண்டே ஓடும். பெற்றோர் அவளை ஓநாய் என்பார்கள். நானும்தான்.

ஒரு ஜனவரித் திங்களன்று ஐந்து வயது ஹில்லாவை அவள் அப்பா துவோமஸ் கூட்டிவந்தான். ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளன், மகளையும் ஆட இறக்கியிருந்தான். ஓடினால் மூச்சு இளைக்கிறது என்று அம்மா படிவத்தில் எழுதியிருந்தாள். அவனோ, "என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. அதை எழுதிக் குடுத்தா போதும்" என்றான்.

இளைப்புக்கு வீட்டில் வைத்திருக்கும், மூச்சைத் திறந்துவிடும் பஃப் மருந்தை அன்று கொடுத்திருந்தால் டெஸ்டில் எதுவும் தெரியாது. ஆனால் அந்த மருந்து விரல்களை நடுங்கவைக்கும், நாடியை ஏற்றும். ரைலி ஹில்லாவின் கையைப் பிடித்தாள். விரல்கள் நடுங்கின, நாடி எகிறியது.

"காலையில பஃப் குடுத்தியா?"

"இல்ல."

"பொய்."

"பயத்துல நடுங்குறா. உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கே நடுங்குது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"ஐஸ்ல மூச்சு முட்டி விழுந்தாலும் விசில் ஊதிக்கிட்டு நிப்பியா? வெளிய போ. வியாழக்கிழமை ஒழுங்கா வா" என்று ரைலி கத்தினாள்.

காரணமில்லாமல் கத்தினாள் என்று அவன் புகார் எழுதினான். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், சந்தோஷமாக. புதன்கிழமையே அவளைப் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

வியாழனன்று ஹில்லா என் முன்னால் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பயம் துளிகூட இல்லை. விரல்கள் மட்டும் நடுங்கின.

வாயை மூடிக்கொண்டு ஓடவிட்டு "இயல்பு" என்று எழுதினால் புகாரில் நான் போட்ட கையெழுத்து தப்பிக்கும்.

"பஃப் குடுத்திருக்கே" என்றேன். "இன்னிக்கு டெஸ்ட் கிடையாது."

துவோமஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அன்னிக்கு இதையே அவ சொன்னப்ப பல்லைக் காட்டினியே? கையெழுத்தும் போட்டே?"

திங்கட்கிழமைக்குத் தேதி எழுதி அவனிடம் நீட்டினேன்.

திங்களன்று அம்மா கூட்டிவந்தாள், மருந்து கொடுக்காமல். நான்தான் பின்னால் ஓடினேன். எண் நாற்பத்தாறு சதவீதம் ஏறியது. ஹில்லாவுக்கு அன்றே தினசரி ஆஸ்துமா மருந்து தொடங்கினார்கள்.

கையெழுத்தைத் திரும்பப் பெற்ற தாளோடு ரைலியிடம் போனேன். மன்னிப்பு கேட்டேன்.

"எவ்வளவு ஏறுச்சு?"

"நாப்பத்தாறு."

"அப்ப உன் கையெழுத்தால மூணு நாள்ல முடிய வேண்டியது ஏழு நாள் இழுத்திருக்கு" என்றாள். தாளை வாங்கவே இல்லை.